கறுப்புக் கயிறு அம்மன்

பானுமதி வீட்டுப் பூஜை அறையில், சாமந்தி மாலைக்குள்ளிருந்து தெரசாவைப் பார்த்துச் சிரித்தது தெரசாவின் முகமேதான்.

கண்ணாடி இல்லை, சட்டம் போட்ட படம். தலையில் கிரீடம், கையில் சூலம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெரசாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வந்த காரியமோ லேசுப்பட்டதல்ல. மகன் இளம்பரிதி, கூட வேலை பார்க்கும் தேவிப்பிரியாவைத்தான் கட்டுவேன் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறான். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா பானுமதி வைத்ததுதான் சட்டம். அவளோ, தெரசா வீட்டார் கிறிஸ்தவர்கள் என்பதால், "வேதக்காரங்க வூட்டுக்கா?" என்று பிடி கொடுக்காமலே இருந்தாள். ஒருவழியாக இன்று கூப்பிட்டனுப்ப, அரூரிலிருந்து பஸ் ஏறி அம்மாவும் மகனும் அதியமான்கோட்டைக்கு வந்திருந்தார்கள்.

"எங்க வூட்ல எதுவானாலும் அம்மனக் கேட்டுத்தாங்க," என்றாள் பானுமதி. "பூ வெச்சுப் பாக்கறேன். வலப்பக்கம் வுழுந்தா சம்மதம். எடப்பக்கம் வுழுந்தா மனசுல ஒண்ணும் வெச்சுக்காம போயிட்டு வாங்க."

எந்த அம்மனை? அதுதான் கூத்து. இருபத்தைந்து வருடத்துக்கு முன், பாட்டென்றால் காதால் கேட்பது என்று இருந்த ஊருக்குள் சிடி பிளேயர் நுழைந்து, பாட்டைப் பார்க்கவும் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை காட்டிவிட்டது. அரூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சென்னப்பன், பழைய அம்மன் பாட்டுக் கேசட் ஒன்றுக்குப் படம் பிடிக்கக் கிளம்பினார். அம்மனாக வேண்டிய பெண் அன்றைக்கு வரவில்லை. ஸ்டூடியோவில் வேலை பார்த்த தெரசாவைத் தீர்த்தமலைப் படிக்கட்டில் நிறுத்தி, ஜிகினாத்தாள் கிரீடத்தைத் தலையில் கவிழ்த்து, "பாடறது யாரோ, நீ வாயசைச்சா போதும்" என்றார். கழுத்துச் சிலுவையைக் கழற்றமாட்டேன் என்று அவள் அழுததில், அதை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். கயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

அந்த ஆடி முழுக்க லோக்கல் கேபிளில் காலையும் மாலையும் அவள்தான். நல்லவேளை, அப்பியிருந்த மஞ்சளில் பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை. கட்டிக்கொண்டவரிடம் அவள் மூச்சு விடவில்லை. அப்புறம் டிவிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, யூடியூப் வந்தது. இப்போது ரீல்ஸில் அரை நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டைப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. ஒன்றை ஒன்று விழுங்கியதில் தன் முகமும் சேர்ந்து தொலைந்தது என்று தெரசா நிம்மதியாக இருந்தாள். அது என்னடாவென்றால் இங்கே உட்கார்ந்து சாம்பிராணி வாங்கிக்கொண்டிருக்கிறது!

"கல்யாணமாயி நாலு வருசம் புள்ள இல்லீங்க," என்றாள் பானுமதி, பூவைத் தண்ணீரில் நனைத்தபடி. "டிவியில இந்தம்மா கையத் தூக்கிச்சு. என்னையப் பாத்தே தூக்குன மாதிரி இருந்துச்சு. சிடி அட்டையக் கடையில குடுத்து, பெருசு பண்ணி மாட்டுனேன். மறு ஆடிக்குள்ள தேவிப்பிரியா பொறந்துட்டா. கழுத்துல பாருங்க, கறுப்புக் கயிறு. வேற எந்த அம்மனுக்கும் இருக்காது. அதப் பாத்துத்தான் எம் புள்ளைக்கும் கட்டிவுட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் கைகூடலாம். திறந்தால் கெட்டது. இது தெரசாவுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பானுமதி பூவைச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, "தாயே, நீயே சொல்லு" என்று கண் கலங்கக் கைகூப்பியபோது, அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"வேணாங்க! அது நாந்தாங்க!"

போட்ட சத்தத்தில் பூ விழுந்தது. எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை.

தெரசா கழுத்துக்குள் கைவிட்டு இழுத்தாள். கறுப்புக் கயிற்றின் நுனியில் சிலுவை ஆடியது. பானுமதி அதைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். முகம் வெளுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு இளம்பரிதியும் தேவிப்பிரியாவும் கதவருகே ஓடிவந்தார்கள். எல்லாம் போச்சு என்று இளம்பரிதி தலையில் கைவைத்தான்.

"எங்கூட்டுக்காரரு போனப்ப, மூணு நாளு உங்க முன்னாடிதான் கெடந்து அழுதேன்," என்றாள் பானுமதி. "கேட்டுச்சா?"

"இல்லீங்க." தெரசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. மன்னிச்சிருங்க."

பானுமதி மகளை அருகே இழுத்து, அவள் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவள உங்ககிட்ட கேட்டுத்தாங்க வாங்குனேன்," என்றாள். "இப்ப நீங்களே வூடு தேடி வந்து திருப்பிக் கேக்கறீங்க. இல்லேன்னு நான் எந்த வாயால சொல்றது?"