உரிமம் வேறொரு போனில் இருக்கிறது

பத்து நாற்பதுக்கு அந்த மஞ்சள் பெட்டி வந்தது. ‘உரிமம் சரிபார்க்கப்படவில்லை.’ கீழே ‘சரி’ என்று ஒரே பொத்தான். என்ன சரி? அழுத்தினால் ஆப் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடி அதே பெட்டி.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையை ஒட்டிய ஒரு மாடி அலுவலகத்தில் காத்திருந்தேன். மொபைலுக்குக் கதை விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி. படம் வரும், கீழே வசனம் ஓடும், நடுநடுவே இதுவா அதுவா என்று கேட்கும். நாம் தொடுவதைப் பொறுத்துக் கதை திசைமாறும். அப்படி ஒன்றை இரண்டு வருடமாக எழுதி வந்தேன். பள்ளிபாளையத்தில் துண்டு மடிக்கும் வேலை எனக்கு. எழுத்தெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இந்தப் போனில், இந்த எமுலேட்டர் ஆப்புக்குள். கம்ப்யூட்டரில் கதை விளையாட்டு செய்யும் மென்பொருளைப் போனில் ஓடவைக்கும் ஆப் அது. விலைக்கு வாங்கிய உரிமம் இருந்தால்தான் திறக்கும், திறந்தால்தான் உள்ளே இருக்கும் கதையை வெளியே எடுக்க முடியும். பதினொரு மணிக்கு கோகிலவாணி மேடம் கூப்பிடுவார். இருபது நிமிடம் பார்ப்பார். பிடித்திருந்தால் எனக்குக் கதை எழுதும் வேலை. மதியமே அவர் பெங்களூருக்குக் கிளம்பிவிடுவார்.

நெட்டை அணைத்துப் போட்டேன். போனையே அணைத்துப் போட்டேன். தேதியும் நேரமும் சரியாகத்தான் இருந்தன. ஆப்பைப் புதுப்பிக்கப் பார்த்தேன். புதுசாக எதுவும் இல்லை என்றது. எனக்கு அடுத்து மேடத்தைப் பார்க்கக் காத்திருந்த ஜீவா என்பவர் எட்டிப் பார்த்தார்.

“க்ளியர் டேட்டா குடுங்க, சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே விரலையும் நீட்டினார்.

போனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “குடுத்தா ரெண்டு வருசமும் போயிருமுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். உதவி செய்கிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்டுவிட்டுத் தொட வேண்டும்.

ஆப்பின் கணக்குப் பக்கத்தில்தான் அது கண்ணில் பட்டது. அங்கே இருந்தது என் மெயில் அல்ல, போன் வாங்கிய கடையின் மெயில். கடைக்காரர் ஆனந்தகுமாரைக் கூப்பிட்டேன்.

“நம்ம கடையில போன் வாங்குன எல்லாத்துக்கும் கடை மெயில்தானுங்க போட்டுருக்கேன்” என்றார், ஊருக்கு உபகாரம் செய்த குரலில். “ஆளாளுக்குத் தனியாப் போட்டா பாஸ்வேர்ட மறந்துட்டு எங்கிட்டத்தானுங்க வர்றாங்க.”

திட்டு வாய்வரை வந்தது. ஆனால் பெட்டி பிரித்த அன்று ‘எதையாச்சும் போடுங்கண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று சொன்னவள் நான்தான்.

“அந்த ஆப்பு ஒரு நேரத்துல ஒரு போன்லதானுங்க ஓடும். இருங்க பாக்கறேன். மயிலம்மாள்னு காட்டுது. தறிப்பட்டறையில நூல் சுத்தித் தார் போடறவங்க. அவங்களா மூடுனாத்தான் உங்களுக்குத் திறக்கும். நம்பர் அனுப்பறேனுங்க.”

நம்பர் வந்தபோது மணி பதினொன்று. கோகிலவாணி மேடம் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

“தனப்பிரியா, உங்க இருபது நிமிஷம் ஆரம்பிச்சாச்சு. அதுக்குள்ள திறந்தா பார்க்கிறேன்” என்றார் அவர்.

மயிலம்மாளின் நம்பருக்கு அடித்தேன். முதல் இரண்டு தடவை மணி அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தார். இன்னொரு கையால் ஆப்பைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, உங்க போன்ல ஒரு கதை ஆப்பு ஓடுதுங்களா? கொஞ்சம் மூடுங்க. எனக்கு அவசரமுங்க.”

“எதுங்க, மல்லிகா கதையா?”

மல்லிகா என் கதையின் நாயகி. அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் எழுதியதெல்லாம் தானாகவே கடை மெயிலில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இவர் போனுக்குள் இறங்கியிருக்கிறது. நான் திறப்பது மதியத்தில் மட்டும், அதனால்தான் இத்தனை நாள் மோதவில்லை போல. முதலில் கோபம்தான் வந்தது. என் பெட்டியை யாரோ கிளறிய மாதிரி இருந்தது.

“இப்ப மூட முடியாதுங்க” என்றார் மயிலம்மாள். “மல்லிகா பாலத்துக்கிட்ட நிக்கறா. ஊட்டுக்குப் போறதா, பஸ் ஏறறதான்னு கேக்குது. நானும் எத்தனையோ வாட்டி ஊட்டுக்கே அனுப்பிட்டேன். போனா அந்தப் புருசங்கிட்ட அடிதான் வாங்கறா. இன்னைக்குப் பஸ்ஸத் தொடலாம்னு இருக்கேன்.”

பஸ்ஸைத் தொட்டால் வரும் பக்கத்துக்கு நான் எழுதியது ஒரே ஒரு வரி: பஸ் கிளம்பியது. அதற்குப் பிறகு வெறும் கறுப்புத் திரை. மேடத்திடம் வீட்டுப் பக்கத்தை மட்டும் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று வந்திருந்தேன். அவர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“தொடாதீங்கக்கா. அந்தப் பக்கம் இன்னும் எழுதலைங்க.”

“நீங்கதான் எழுதுனீங்களா சாமி?”

“ஆமாங்க.”

போனில் அவர் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. “அப்ப பஸ் ஏறுனா அவ என்ன ஆவான்னு உங்களுக்கும் தெரியாதுங்களா?”

அந்த ஹாரன் மறுபடி கேட்டது, கூடவே சங்ககிரி, சேலம் என்று ஒரு குரல். “அக்கா, எங்க இருக்கறீங்க? பட்டறைக்குப் போகலைங்களா?”

“பள்ளிபாளையம் பஸ் ஸ்டாண்டுலதானுங்க. ரெண்டு துணிய எடுத்துப் பையில போட்டுட்டு வந்துட்டேன். காலைல இருந்து உக்காந்திருக்கேன். மூணு பஸ் போயிருச்சு.” “சரி, அவசரம்னீங்க. மூடிடறேனுங்க.”

மஞ்சள் பெட்டி மறைந்தது. என் கதையின் முதல் படம் திறந்தது. மணி பதினொன்று பதினொன்று.

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “திறந்திடுச்சே. காட்டுங்க. அந்தப் போனை கட் பண்ணுங்க.”

எனக்கு அந்த வேலை வேண்டும். இப்போதும் வேண்டும். போனை எடுத்து வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டேன்.

“அக்கா, போன வெச்சிராதீங்க. அந்தச் சேலம் பஸ் இன்னும் நிக்குதுங்களா?”

“நிக்குதுங்க.”

“அதுல ஏறுங்க. நான் சேலத்துலதான் இருக்கேன். புது பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன்.”

“ஏறி?”

“தெரியலைங்க. ரெண்டு பேருஞ் சேந்து யோசிக்கலாம்.”

“உங்களுக்கு ஒன்பது நிமிஷம்தான் இருக்கு” என்றார் மேடம். தெரியுங்க என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். படியில் இறங்கும்போது போனில் சத்தமெல்லாம் குழம்பிக் கேட்டது. யாரோ உள்ளே போங்க என்றார்கள், எஞ்சின் உறுமியது, கண்டக்டர் எங்கம்மா என்று கேட்டார். கண்டக்டர் இரண்டாவது தடவையும் கேட்டார்.

“சேலம்” என்றார் மயிலம்மாள். “ஒண்ணு குடுங்க.”