நான்கெல்லை மன்றாட்டு

சலேத்தம்மாளுக்குப் பக்தி அதிகம் என்று தெருவே சொல்லும். அதிகமாக இருப்பது பக்தி இல்லை, பயம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பயம் வந்தால் முழங்கால் தானாக மடங்கிவிடும். பார்த்தவர்கள் அதைச் செபம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் மறுத்துச் சொன்னதில்லை. நல்ல பெயர் தேடி வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

நன்னிலத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், உபதேசியார் மாற்றலாகிப் போன பிறகு சிலுவை நட்ட குருசடியில் சாயங்காலச் செபத்தை நடத்துவது அவள்தான். மாதா மன்றாட்டுமாலை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாக அவள் ராகம் போட்டுச் சொல்ல, தெரு மொத்தமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிக்கும். எழுந்து சேலை மண்ணைத் தட்டிவிட்டால் பழைய சலேத்தம்மாள்: பண்ணைக் காரியக்காரர் எதிரே வந்தால் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பவள்.

இந்த முறை வந்தது வாய்க்காலில் இறங்கித் தப்பிக்கிற சங்கதி இல்லை. புருஷன் செத்த பிறகும் அவள் விடாமல் பயிர் வைத்து, களத்திலேயே குத்தகை நெல் அளந்து வந்த ஒன்றரை ஏக்கர் இனி அவள் கையில் இருக்குமா என்பது. சுவரெல்லாம் உதயசூரியன் வரைந்து ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. பெயர் ஏறிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. மிராசுதார் தியாகராசன், "அவள் கூலியாள், குத்தகை எதுவும் கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வாய்ப்பேச்சில் விட்ட குத்தகை. துண்டுச் சீட்டு கிடையாது. புதன்கிழமை தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிக்கப் போகிறார்.

"அக்கா, உங்க மாதா வந்து சாட்சி சொல்லப்போறதில்ல," என்றான் செங்கொடிச் சங்கத்து இராஜாங்கம். "நீங்கதான் வாயைத் திறக்கணும். தெருவுல நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"அவங்க எல்லாம் பண்ணை வேலைக்குப் போறவங்க தம்பி. எப்படிப் பேசுவாங்க?"

"அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"செபம் பண்றேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

மாதாவுக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்று எல்லா யோசனையையும் அவளே செய்து கொடுத்தாள். தாசில்தாரின் ஜீப் பஞ்சராகட்டும். அது முடியாவிட்டால் காரியக்காரர் குஞ்சிதபாதத்துக்குத் தொண்டை கட்டட்டும். பாவமென்றால் ஒரே ஒரு நாள் கட்டினால் போதும். இப்படி எத்தனையோ கேட்டாள். பேசுவதற்குத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை கொடுத்துவிடுவாள். அப்புறம் பேச வேண்டியிருக்குமே!

புதன்கிழமை ஜீப் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நாலு சக்கரத்திலும் காற்று நிறைந்திருந்தது. குஞ்சிதபாதத்தின் தொண்டை அன்றைக்குப் பார்த்து கணீரென்று இருந்தது.

"கூலி வாங்கித் திங்கிற பொம்பளைங்க ஐயா. வயலோட எல்லைகூடத் தெரியாது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"அப்படியா?" தாசில்தார் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. இதுக்கு நாலு எல்லை என்ன?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டத்துக்கு முன்னால் அவள் வாயிலிருந்து இதுவரை வந்தது ஒன்றே ஒன்றுதான். கைகள் தாமாகக் கூம்பின. முழங்கால் சேற்றில் மடங்கியது. வாய் ராகத்தோடு திறந்தது.

"கிழக்கே ஓடும் சின்ன வாய்க்காலே..."

வரப்பில் நின்ற தெரு ஜனம் வேடிக்கை பார்க்க வந்தது; வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு வந்தது. நாத்தனார் ரெத்தினத்துக்குத்தான் முதலில் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"மேற்கே விளையும் இளையபெருமாள் வயலே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இப்போது வரப்பு முழுவதும்.

"தெற்கே நிற்கும் பண்ணையார் தென்னந்தோப்பே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"என்னங்கடி, நக்கலா?" என்று குஞ்சிதபாதம் கத்தினார். தாசில்தார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சலேத்தம்மாளுக்கு எதுவும் கேட்கவில்லை. "வடக்கே இருக்கும் மதகே... என் புருஷன் கடைசியாத் தண்ணி திருப்பின மதகே... அவரைப் புதைச்ச வாரமே நான் இறங்கி நட்ட வயலே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இந்த முறை குரல்கள் தாழ்ந்திருந்தன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தாசில்தார் கைக்குட்டையை மடித்தார். "எல்லை சரியாத்தான் இருக்கு. ஏம்மா, இத்தனை பேர் நிக்கிறீங்களே, இதை யாரு பயிர் பண்றது?"

குஞ்சிதபாதம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ரெத்தினம் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"இவ்வளவு நேரம் கத்திட்டு இனிமே மூடி என்ன பிரயோசனம்? எங்க அண்ணிதாங்க. அண்ணன் இருந்தப்ப அவரு குத்தகை அளந்தாரு. இப்ப இவங்க அளக்குறாங்க. மூட்டை தூக்கினவ நான். வாங்கி வண்டியில ஏத்தினவரு இந்தா நிக்கிறாரே, இவருதான்."

"நானும் தூக்கினேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பின்னால் இன்னொன்று. தாசில்தார் குமாஸ்தாவிடம், "சாகுபடி சலேத்தம்மாள்னு எழுதிக்குங்க," என்றார்.

அப்போதுதான் தான் இன்னும் முழங்காலில் இருப்பது அவளுக்கு உறைத்தது. தைரியமாக எழுந்து நின்று பேசினாள் என்று நாளைக்குத் தெரு கதை கட்டும். பயத்தில் உளறியதுதான் செபமாகப் போயிற்று என்று யாரிடம் சொல்வது? கேட்காததைக் கொடுத்த மாதாவிடம்தான் சொல்ல வேண்டும். அவளுக்குத்தான் முன்பே தெரியுமே.

"நாளைக்குப் பண்ணையில நமக்கு வேலை கிடையாது அண்ணி," என்று ரெத்தினம் கைகொடுத்துத் தூக்கினாள். "செபம் பண்ணி ஏதாவது வழி பண்ணுங்க."

"பண்றேன். நீ போய் இராஜாங்கத்தையும் வரச் சொல்லு. பேசுவோம்."

ஜீப் திரும்பியது. மதகு தாண்டும் முன்னே 'டப்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்துகொண்டது. டிரைவர் இறங்கி, டயரிலிருந்து கருவேல முள்ளைப் பிடுங்கிக் காட்டினான்.

சலேத்தம்மாள் சட்டென்று குருசடிப் பக்கம் திரும்பி, "தாயே, அதை நான் வாபஸ் வாங்க மறந்துட்டேன்," என்று முணுமுணுத்தாள்.

ஜீப்பைத் தள்ள ஆள் கூப்பிட்ட குஞ்சிதபாதம், பாதியில் நிறுத்தித் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். அவள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.