நாக்கடியில் ஒரு நூல்

விடிந்ததிலிருந்து நாய் தொப்பையின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. முதலில் தின்றது வந்தது, பிறகு மஞ்சள் தண்ணீர், அப்புறம் வெறும் நுரை. தையல்காரி தரையைத் துடைத்து நிமிர்வதற்குள் நாய் மறுபடியும் ஓங்கரித்தது.

"புல்லைத் தின்னிருக்கும்க்கா. கக்கினா தானா அடங்கிடும்," என்றான் தம்பி, ஷூவை மாட்டிக்கொண்டே. அவன் எலக்ட்ரீஷியன், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வைத்தியம் இருக்கும்.

"காலையிலேருந்து கக்கிட்டுதான்டா இருக்கு. வாயை மூடு."

மனசு கேட்காமல் கொஞ்சம் பால் ஊற்றினாள். நக்கிய வேகத்தில் அதுவும் வெளியே வந்தது. புருஷன் போன பிறகு, தையல் மெஷினடியில் அவள் காலோடு காலாகக் கிடந்த ஜீவன். இப்போது முன்கால்களை நீட்டித் தரையோடு பதுங்கி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றது.

"பாரு, விளையாடக் கூப்பிடுது," என்று சிரித்த தம்பி, அதன் கண்ணில் வலியைப் பார்த்ததும் குனிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தான். அது கல்லாக இறுகியிருந்தது.

அடுத்த முறை அது வாயைத் திறந்தபோதுதான் பார்த்தாள். நாக்குக்கடியில் நூல். நேற்று திரைச்சீலை தைத்த நீல நூல்.

"வாயைப் பிடிடா, இழுத்துடறேன்!"

இழுத்தாள். வரவில்லை. நாய் வீலென்று அலறியது. தம்பி பதறி, நாய் டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"கையை எடுக்கச் சொல்லுங்க!" போனுக்குள்ளிருந்து டாக்டரம்மா கத்தினாள். "ஒரு முனை நாக்குல மாட்டியிருக்கு, மிச்சம் குடலுக்குள்ள போயிருக்கும். இழுத்தா குடலே கிழிஞ்சிடும். நூலை வெட்டவும் வேணாம். தண்ணி, மாத்திரை எதுவும் கொடுக்காதீங்க. அப்படியே தூக்கிட்டு வாங்க!"

போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் அது அவள் மடியில் துவண்டு கிடந்தது, ஓங்கரிக்கக்கூடத் தெம்பில்லை. "கண்ணை மூடாதடா செல்லம்," என்று வழியெல்லாம் அரற்றினாள்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அறையின் கதவு சாத்தப்பட்டதும் அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "நான்தான்டா இழுத்தேன். கையாலயே கொன்னுட்டேன்." தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தாள். "குடல் மொத்தமும் நூல்ல சுருக்கு விழுந்த மாதிரி மடிஞ்சிருந்துச்சு. ஒரு இடத்துல கிழிஞ்சும் போச்சு. அந்தத் துண்டை எடுத்துட்டுத் தைச்சிருக்கேன். உயிர் இருக்கு. தையல் பிடிக்குதான்னு பார்க்கணும்."

"நான் இழுத்ததுனாலயா?"

"தெரியலம்மா. அதுக்கு முன்னாடியே கிழிஞ்சிருக்கலாம்," என்றாள் டாக்டரம்மா.

தையல் பிடித்தது. எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தது நாய். வந்த அன்று மூலையில் படுத்திருந்தபடியே திடீரென்று தலையைக் குனிந்து ஏதோ சத்தம் போட்டது. இருவரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

தும்மல்தான். தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.