மூன்று கல் நட்ட பள்ளிக்கூடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜேடர்பாளையம் போகும் வழியில், நேராக வந்த சாலை ஓரிடத்தில் சும்மா வளைகிறது. மேடும் இல்லை, குளமும் இல்லை. அந்த வளைவில் பஸ் கம்பியில் என் தலை இடித்தது. வீங்கிய தலையோடு யோசித்ததுதான் இந்தக் கதை. அத்தனையும் என் கைச்சரக்கு.

2

'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய அந்த...' (வேண்டாம். அடித்துவிட்டேன்.)

1936. ஒரே அறை, ஓட்டுக்கூரை, ஒரே வாத்தியார் தீர்த்தகிரி. புதுச்சாலை அந்த அறையின் நடுவே போகிறது என்று ஓவர்சியர் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். இடித்தால் ஊருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. வாத்தியார் போட்ட மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

பள்ளிக்கு நிலம் கொடுத்த பண்ணையக்காரர் காளியண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். கிணற்றுமேட்டிலிருந்து மூன்று கல் கொண்டுவந்து அறைக்குள் நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை செருகினார். கடப்பாரையோடு வந்த ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓவர்சியர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டை வளைத்துப் போட்டார்.

(இங்கேயே முடித்திருந்தால் நல்ல சிரிப்புக் கதை. எழுதுகிற கை சும்மா இருக்குமா?)

3

மறுநாள் காலை அத்தாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பண்ணையத்தில் கூலி வேலை. கோயிலுக்குள் விடப்படாத சனம். வாத்தியாரின் பிடிவாதத்தால் மகள் பழனியம்மாள் ஒரு வருடமாக அறைக்குள் உட்கார்ந்து படிக்கிறாள். (இவளை எழுதும்வரை எனக்கே இந்தச் சிக்கல் தெரியாது.)

காளியண்ணன் வாசலை மறித்தார். "இனி உள்ள வரப்படாது அத்தாயி. சாமி இருக்கற எடம்."

வாத்தியார் சிரித்தேவிட்டார். "ஏனுங்க, அது நேத்து நீங்க தூக்கியாந்த கல்லுதானுங்களே."

"நேத்துக் கல்லுங்க. இன்னைக்குப் பொங்கல் வெச்சாச்சுங்க வாத்தியாரே."

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே நம்பிவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

4

முடிவு அ: வாத்தியார் கல்லைப் பிடுங்கி எறிகிறார். சாயங்காலமே கடப்பாரை திரும்பி வரும்.

முடிவு ஆ: பழனியம்மாள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, சன்னல் வழியாகப் பாடம் கேட்டே பெரிய டாக்டராகி... (எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த வெயிலில் நான் ஒருநாள் உட்காருவேனா?)

முடிவு இ: கல் நட்ட வரியையே அடித்துவிடலாம், நான்தானே எழுதினேன். அடித்தால் பள்ளிக்கூடம்

(முடிக்க முடியவில்லை.)

அத்தாயி அதுவரை பொறுமையாக நின்றாள். பிறகு இரண்டு ஆண்களையும் விட்டுவிட்டு, தாளுக்கு வெளியே திரும்பினாள்.

"ஏனுங்க சாமி, எம்புள்ளை எங்க உக்காரட்டும்?"

என்னைத்தான் கேட்கிறாள் என்று வாய் திறந்தேன்.

"உங்களக் கேக்கலீங்க," என்றாள். "இதைப் படிக்கறாங்களே, அவிங்களக் கேட்டனுங்க."