ஸ்கோர் எழுதியவளின் பென்சில்

ஓக்லஹோமாவில் பையன்களின் பேஸ்பால் அணி என்றால் கோடை முழுக்கக் குடும்பத்தோடு உழைக்க வேண்டும். ஒரு அப்பா கூடாரம் தூக்குவார், இன்னொருவர் ஐஸ்பெட்டி சுமப்பார். எல்லாம் அணியில் தம் பையனின் இடத்துக்குக் கட்டும் வாடகை. டார்லீன் ஸ்கோர் எழுதினாள். ஸ்கோர் எழுதும் அம்மாவின் மகனைக் கோச் லேசில் கழற்றிவிட மாட்டார் என்று நம்பினாள்.

பையன் நன்றாக அடித்தானா, எதிரணிக்காரன் பிடிக்காமல் கோட்டைவிட்டானா என்பதை அவள் பென்சில்தான் தீர்மானித்தது. சந்தேகம் வந்தால் கோச்சின் மகன் பிரெட்டுக்கு ‘அடி’ என்று எழுதினாள். சொந்த மகன் வெஸ்லிக்கு ‘எதிரணியின் பிழை’ என்று எழுதினாள்; பிழை என்றால் அது அவன் அடித்த கணக்கில் சேராது. மகனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாதே!

ஆகஸ்டில் அடுத்த வருட அணிக்குத் தேர்வு முடிந்ததும் கோச் கிரெக் அவளை வேலியோரம் அழைத்தார்.

“வெஸ்லி தங்கமான பையன், டார்லீன். ஆனா அடிச்சது ரொம்பக் கம்மியா இருக்கே. பிரெட்டைப் பாருங்க, எவ்வளவு இருக்கு!”

“அது நான் எழுதினது, கோச்.”

“அதனாலதானே கண்ண மூடிட்டு நம்பறேன்! உங்கள மாதிரி நேர்மையா எழுத ஆளே கிடையாது. அடுத்த வருஷமும் நீங்கதான் எழுதறீங்க, மாட்டேன்னு சொல்லிடாதீங்க.”

காரில் காத்திருந்த வெஸ்லி கண்ணாடியை இறக்கினான். “என்னம்மா, எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்கடா,” என்றாள் டார்லீன். “என்னை.”