இருபத்தேழு கோல் வாங்கியவன்

அக்கா மகன் சமீர் தாஷ்கண்டிலிருந்து திரும்பிய அன்று, துல்கர்னைன் தன் சிப்ஸ் கடையில் பேப்பரில் ஸ்கோரைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், ஐந்தருவிச் சாலையில் நடந்துபோனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருபத்தெட்டுக்கு இருபத்தேழு. ஜெயிச்சிட்டாங்களாம்! ஏலே சமீரு, அந்த இருபத்தேழையும் உள்ள விட்டது யாருலே?"

"நாந்தான் மாமா. கோல்கீப்பர் நாந்தானே."

"சொல்லுதான் பாரு, கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

பக்கத்துக் கடையில் எண்ணெய்க் குளியலுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த பலவேசம் எட்டிப் பார்த்தார். "எத்தனை அண்ணாச்சி? இருபத்தேழா? கோலா, வயசா?"

அன்றோடு சமீருக்குச் சமீர் என்ற பெயர் போயிற்று. "ஏலே இருபத்தேழு, ரெண்டு டீ சொல்லு." "ஏ இருபத்தேழு, நேந்திரம் சிப்ஸ் அரைக் கிலோ கட்டு." சிப்ஸ் கட்டிக்கொடுத்தபடியே அவன் சிரித்துக்கொள்வான்.

குறை அவன்மேல் இல்லை. அவன் ஆடுவது கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால்; அதில் இரு தரப்பும் சேர்ந்து நிமிடத்துக்கு ஒரு கோல் போடும். வருகிற பந்துகளில் மூன்றில் ஒன்றைத் தடுப்பவன் கெட்டிக்காரன். சமீர் அப்படித் தடுத்ததால்தான் அவன் அணி ஆசியப் போட்டிக்கான முதல் தகுதிச்சுற்றைத் தாண்டியது. ஆனால் அவர்கள் ஊரான வடகரையில் பந்து என்றால் காலால் உதைப்பது; கையில் பட்டால் அது பவுல். துல்கர்னைனோ ஒரு காலத்தில் ஏழுபேர் ஆடும் வடகரை செவன்ஸ் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். ஒரு போட்டித் தொடர் முழுவதிலும் ஒரே ஒரு கோல் வாங்கியவர். அந்த ஒன்றும் தன் பக்கத்து ஆள் முழங்காலில் பட்டுத் திரும்பியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? சமீர் ஒரே ஒரு தடவை விளக்க ஆரம்பித்தான்.

"நிமிஷத்துக்கு ஒரு கோல் போட்டா அது வெளையாட்டாலே? இட்லிக் கடையில தட்டுத் தட்டா எறக்குத மாதிரில்லா இருக்கு."

சமீர் சிப்ஸ் பொட்டலம் கட்டப் போய்விட்டான்.

இப்போது இரண்டாம் சுற்று வந்துவிட்டது. தோஹாவில். அதுவும் ஆடி மாதத்தில், சாரல் சீசன் உச்சத்தில், கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாட்களில். சமீர் தயங்கித் தயங்கி லீவு கேட்டான்.

"தோஹாவுக்கு நம்ம ஊர்ல எல்லாரும் சம்பாதிக்கப் போறான். இவன் கோல் வாங்கப் போறானாம். இங்கன அடுப்புல நிக்கது யாரு? ஒங்கம்மையா?"

சமீரின் வாப்பா இறந்தபிறகு அவனும் தாய் ஜாஹிரா பீவியும் துல்கர்னைன் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். "மாமா சரின்னு சொன்னா போ. அவன் மனசு வருத்தப்பட்டு நீ போகக் கூடாது" என்று ஜாஹிரா பீவி தீர்த்துச் சொல்லிவிட்டார். தாயின் சொல்லை மீறும் பிள்ளையல்ல அவன். ஆகவே அவன் தோஹா போவதும் போகாததும் துல்கர்னைனின் ஒரு தலையாட்டலில் இருந்தது. அந்தத் தலை அசைவதாக இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மலையில் நல்ல மழை. ஐந்தருவியில் தண்ணீர் கலங்கி வந்தது. போலீஸ்காரர்கள் விசிலடித்துக் குளித்தவர்களையெல்லாம் வெளியேற்றினார்கள். தலையில் எண்ணெய் வழிய, ஈரத்துண்டோடு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கடைகளின் முன்னால் கூட்டம் நின்றது. வேலையற்ற கூட்டத்தைக் கண்டால் பலவேசத்துக்கு நாக்கு அரிக்கும்.

"இருபத்தேழு, தோஹாவுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"மாமா இன்னும் சரின்னு சொல்லல அண்ணாச்சி."

"எப்படிச் சொல்லுவேன்?" என்றார் துல்கர்னைன். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கும் குரல் ஏறியது. "இவன் பந்து முலாம்பழம் மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் பிடிக்கலாம். ஏலே, அந்தப் பந்தை எடு. நான் நிக்கேன், நீ அஞ்சு போடு. அஞ்சும் உள்ள போச்சுன்னா நீ தோஹா போ. ஒண்ணே ஒண்ணை நான் பிடிச்சிட்டேன்னா, பந்தைத் தூக்கி அருவியில எறிஞ்சிட்டு அடுப்புக்கு வா. சம்மதமா?"

சமீர் கடைக்குள்ளிருந்து பந்தை எடுத்து வந்தான். "சம்மதம் மாமா."

எதிரே வண்டிகள் நிற்கும் திடலில் இரண்டு காலி எண்ணெய் டின்களை வைத்தார்கள். நடுவே அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார் பலவேசம். துல்கர்னைன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய நினைப்பில் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டார். கூட்டம் செல்போன்களைத் தூக்கிப் பிடித்தது.

முதல் பந்தை அவர் பார்க்கவே இல்லை. பின்னாலிருந்த மதிலில் மோதிய சத்தத்தைத்தான் கேட்டார்.

"ரெடி சொல்லாமப் போட்டுட்டான்" என்றார்.

இரண்டாவதற்கு வலப்புறம் பாய்ந்தார். பந்து இடப்புறம் போயிற்று. செம்மண் சகதியில் விழுந்து எழுந்தபோது கைலி முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. மூன்றாவது தரையில் குத்தி அவர் கால்களுக்கு நடுவே நுழைந்தது. நான்காவதற்கு அவன் முதலில் கையை மட்டும் ஓங்கினான். அவர் துள்ளிக் குதித்து, திரும்பத் தரையில் கால் வைத்த பிறகு பந்து சாவகாசமாக உள்ளே வந்தது.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பெரியவரே, ஒதுங்கி நில்லும், அடிபட்டுராம" என்றார் வெளியூர்க்காரர் ஒருவர். பலவேசம் இரு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார்:

"அண்ணாச்சி, நாலு ஆச்சு! இருபத்தேழுக்கு இன்னும் இருபத்துமூணுதான் பாக்கி!"

துல்கர்னைனுக்குக் காதுமடல் சுட்டது. ஒரு மாதமாகத் தான் எறிந்துகொண்டிருந்த கல் இது. எறிந்தபோது அதற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியவில்லை. சகதி விரல்களைப் பனியனில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார். இந்தப் படம் இன்று ராத்திரிக்குள் கடையம், புளியங்குடி என்று எல்லா போனுக்கும் போய்விடும். பள்ளிவாசலில் எந்த முகத்தோடு நிற்பது?

சமீர் ஐந்தாவது பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு அவரையே பார்த்தான். அவன் கண்ணில் தான் செய்த கேலி திரும்பி நிற்கும் என்று துல்கர்னைன் எதிர்பார்த்தார். அங்கே அது இல்லை. சகதி படிந்த அவர் முழங்காலை, பனியனில் துடைத்துக்கொண்டிருந்த அவர் விரல்களைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்து வந்தது. பச்சைப்பிள்ளையைக் கைமாற்றிக் கொடுப்பது போல, நேராக அவர் நெஞ்சுக்கு வந்தது. தானாகக் கைகள் மூடிக்கொண்டன.

"பிடிச்சிட்டாரு!" கூட்டம் ஆர்ப்பரித்தது. பலவேசம் நாக்கை மடித்து விசிலடித்தார்.

சமீர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே, டின்னை எடுக்க நடந்து வந்தான். மற்ற யாருக்கும் தெரியவில்லை. துல்கர்னைன் கோல்கீப்பராக இருந்தவர். எது அடித்த பந்து, எது கொடுத்த பந்து என்பது தோள் அசைவிலேயே அவருக்குத் தெரியும். பந்தோடு சேர்த்து தோஹாவையும் பையன் கொடுத்துவிட்டான். எதற்காக? நாலு அந்நியர்கள் முன்னால் மாமாவின் முகம் கெடாமல் இருக்க. தன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மாமாவுக்காக. அல்லாஹ் சில பிள்ளைகளின் நெஞ்சில் இதை எப்படித்தான் வைத்து அனுப்புகிறானோ!

துல்கர்னைன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. அவருடைய குதிகால் சாம்பல் கோட்டை அழித்துக்கொண்டு அந்தப்பக்கம் போயிற்று.

"ஏ பலவேசம், என்னத்துக்கு விசிலடிக்க? கண்ணு அவிஞ்சு போச்சா? என் காலைப் பாரு."

"பிடிச்சிட்டீரே அண்ணாச்சி!"

"பிடிச்சேன். பிடிச்ச வேகத்துல உள்ள போயிட்டேன். பந்து கோட்டைத் தாண்டுனா கோல். காலால ஆடினாலும் கையால ஆடினாலும் அதான் சட்டம்."

"இப்பத்தானே ஓய், சாவகாசமா நடந்து போனீரு…"

"ஒனக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியும். கோலைப் பத்தி ஒனக்கு என்னடே தெரியும்?"

சமீர் டின்னோடு நின்றுவிட்டான். "மாமா, அது நீங்க சரியாப் பிடிச்சது…"

"வாய மூடுலே. இருபத்தேழு கோல் வாங்குன பயலுக்கு எது கோலுன்னு தெரியாதா?" பந்தை அவன் நெஞ்சில் திணித்தார். "அஞ்சும் உள்ள போச்சு. போயிட்டு வா. அங்கன போயாவது இருபத்தஞ்சோட நிறுத்து, சமீரு."

கடைசிச் சொல்லை அவர் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் அது சமீர் காதில் விழுந்தது.

மாலை அஸர் தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளூ செய்ய உட்கார்ந்தபோது குதிகாலில் சாம்பல் அப்பியிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவுகையில் துல்கர்னைனுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

பலவேசம் சீசன் முடிகிறவரை அவரை "அஞ்சு அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டார். நாலுதான், ஐந்தாவதைப் பிடித்தேன் என்று துல்கர்னைன் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து, "என்னலே?" என்று கேட்டார்.