மொட்டைமாடிப் பன்றி

பிணவறை மொட்டைமாடியில் கம்பிக்கூண்டு கட்டி, செத்த பன்றியைப் போட்டுவைத்துத் தினமும் போய்ப் பார்க்கிற பெண்ணை ஊர் என்னவென்று கூப்பிடும்? ‘பன்னி டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டுப் போகட்டுமே! இந்த வறண்ட வெயிலில் ஓர் உடல் எப்படிக் கெடுகிறது என்பதை அவள் அந்தக் கூண்டில்தான் படித்தாள்.

அன்று மேசைக்கு வந்தவர் ஒரு கிடங்கு முதலாளி. தனிக்கட்டை, காணோமென்று தேட நாதியில்லை. மண்டை உடைந்து, பூட்டிய தகரக் கொட்டகைக்குள் கிடந்திருக்கிறார். தோல் பழைய செருப்பு மாதிரி இறுகிக் கறுத்திருந்தது.

“ஆறு மாசமாவது ஆயிருக்கும். அப்பதான் இவரோட டிரைவர் சண்டை போட்டுட்டுப் போனான். ஆளைப் பிடிச்சு உள்ள வெச்சாச்சு. நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்” என்றார் இன்ஸ்பெக்டர். எல்லாம் முடிந்த மாதிரிதான் பேச்சு.

வாசலில் டிரைவரின் அக்கா அழுது முகம் வீங்கி நின்றாள். “ரெண்டு மாசமா என் தம்பி கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாம்மா. ஆறு மாசம்னு எழுதிட்டீங்கன்னா அவன் கதை முடிஞ்சுது.”

“என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்” என்றாள் டாக்டர்.

உடலைப் புரட்டி முதுகில் கத்தி வைத்தாள். விறைத்த தோலுக்கு அடியில் ஈரச் சதை. அதில் புழுக்கள் மொய்மொய்யென்று நெளிந்தன. அடி சக்கை! அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

“தகரக் கொட்டகைச் சூடு மேல்தோலைத்தான் அவசரமாக் காய வெச்சிருக்கு. ஆறு மாசம்னா உள்ளயும் வத்திப்போயிருக்கும், புழுவும் எப்பவோ போயிருக்கும். இது மிஞ்சிப்போனா ஒரு மாசம் சார்.”

“சும்மா அளக்காதீங்க மேடம்!”

“மேல வாங்க.”

கூண்டில் கிடந்தது போன மாதம் போட்ட பன்றி. இன்ஸ்பெக்டர் லத்தியால் தட்டினார். பலகையைத் தட்டின மாதிரி சத்தம் கேட்டது. “இது வருசக்கணக்கு” என்று சிரித்தார். “போன மாசம் போட்டது சார்” என்று அவள் தோலைக் கீறிக் காட்டினாள். எட்டிப் பார்த்தவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். திரும்பி வந்தபோது, “ஆஸ்பத்திரியில கெடந்தவனை விட்டுடறோம். ஒரு மாசத்துக்குள்ள யாரு வந்து போனாங்கன்னு பார்க்கணும்” என்றார் ஈனக்குரலில்.

மறுநாள் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அவன் ஊன்றுகோலோடு சிரித்துக்கொண்டே அழுதான். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: “அந்தப் பன்னி எங்கம்மா? நேர்ல பார்த்து ஒரு கும்பிடு போடணும்.”

டாக்டர் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.